பதினேழாம் நம்பர் பலகை

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகலில், என் இரண்டு கண்ணால் பார்த்தது.

நான் துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர். லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் தன் நம்பர் எழுதிய சிவப்புப் பலகையைச் சுவிட்சில் மாட்டுவார். இறங்கியபின் அவரே வந்துதான் கழற்ற வேண்டும். அதுவரை கரண்ட் கொடுக்கக் கூடாது.

போன வருடம் சோலார் பண்ணைத் திறப்பு விழா. பெரிய மனிதர்கள் காத்திருந்தார்கள். எங்கள் பொறியாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினேழாம் நம்பர் பலகையைத் தானே கழற்றி வீசினார்.

"அவன் எறங்கியிருப்பான். போடுய்யா."

போட்டேன். மேலே இருந்தவர் தினமும் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர். 'சொல்லாமல் ஏறிவிட்டார்' என்று பொறியாளர் அறிக்கை எழுதினார். வேலை போய்விடும் என்று பயந்து நானும் கையெழுத்துப் போட்டேன். பழி செத்தவர் மேலேயே விழுந்தது.

சரியாக ஒரு வருடம். அதே தேதி, பகல் 12:40. பராமரிப்புக்காக லைனை நிறுத்தியிருந்தேன். பண்ணைப் பக்கமும் அணைத்தாயிற்று. பொறியாளர் அங்கே போயிருந்தார். இன்னும் யாரும் ஏறவில்லை. சுவிட்சில் பலகையும் இல்லை.

டக்... டக்...

திரும்பினேன். சுவிட்சில் சிவப்புப் பலகை ஆடிக்கொண்டிருந்தது.

17.

காற்றே இல்லை.

12:43. போன் அடித்தது.

"அண்ணே, நான்தான்."

செத்தவரின் அதே குரல்.

"நான் இன்னும் எறங்கல. அவரையும் மேல கூப்ட்டிருக்கேன்."

"யார...?"

"நீங்க சுவிட்சத் தொட வேணாம்."

தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

12:44. மீட்டர் முள் துடித்தது.

ஒரே ஒரு தரம்.

பொறியாளரைக் கம்பத்தின் உச்சியிலிருந்து இறக்கினார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதர். ஏணியும் இல்லை. இரண்டு உள்ளங்கையும் கருகியிருந்தன. லைனில் துளி கரண்ட் இல்லை என்று மூன்று பேர் சோதித்துச் சொன்னார்கள்.

அன்று மாலையே நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பிறகு லைன்மேனின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். பலகையையும் சொன்னேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பலகைய அவர் நெஞ்சு மேல வெச்சுத்தானே எரிச்சோம்."

பலகை இன்றும் சுவிட்சில்தான் தொங்குகிறது. நான் தொடுவதில்லை. அவரே வந்துதான் கழற்ற வேண்டும்.