மிதித்தால் இருமும் மொறிஸ் மைனரும் நெடுந்தீவுப் படகும்

இந்தப் பயணத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கார் நடுப்பாலத்தில் நின்றதையும் அப்பாவுக்குக் கோபம் வந்ததையும் விடமாட்டேன். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. அப்பாவின் அக்கா, எங்கள் கனடா மாமி, முப்பது வருடங்களுக்குப் பிறகு வந்திருந்தார். மறுநாள் காலை கொழும்புக்குப் புறப்பட வேண்டும். எல்லாரையும் பார்த்துவிட்டார், நெடுந்தீவில் இருக்கும் தவமணி அன்ரியைத் தவிர. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். காலை எட்டரைப் படகைத் தவறவிட்டால் அன்றே போய்த் திரும்ப ஏலாது. அதாவது, சந்திப்பே இல்லை.

வேலணையிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். ஏழு இருபதுக்கு அப்பாவின் பழைய மொறிஸ் மைனரில் புறப்பட்டோம். "இந்தக் காரிலதான் ஓடப் பழகினனான், தா" என்று மாமி சாவியை வாங்கிக்கொண்டார். புங்குடுதீவுப் பாலத்தில் இரு பக்கமும் கடல் பளபளத்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று ஊர்ந்தது. அதை முந்துவதற்காக மாமி அக்சிலேற்றரை அழுத்தி மிதித்தார். கார் இரண்டு தரம் இருமி, மூச்சடைத்து, வேகம் இழந்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது! மாமி சட்டென்று மீண்டும் பின்னால் ஒதுங்கி, ஓரமாக நிறுத்தினார்.

"அக்கா, நீ மிதிச்ச மிதியிலதான் பழுதாப் போச்சு. எனக்கு ஒருநாளும் இப்பிடிச் செய்யேல்லை."

"ஓம், உன்ர கார் உனக்கு மட்டும்தான் மரியாதை குடுக்கும்."

அப்பா பொனற்றைத் திறந்தார். பெற்றோல் வடியில் தூசி இல்லை. பிளக் வயர்கள் இறுக்கமாக இருந்தன. கார் நின்றபடியே இருக்க எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரின் கம்பியை அப்பா விரலால் மெல்ல இழுத்தபோது சத்தம் சீராக ஏறியது. சடாரென்று இழுத்தால் இருமல். நூலகத்தில் எடுத்த ஒரு எஞ்சின் புத்தகம் எனக்கு ஞாபகம் வந்தது. திடீரென்று மிதித்தால் காற்று முந்தி ஓடிவிடும், பெற்றோல் பிந்தித்தான் வரும் என்று அதில் இருந்தது.

"அப்பா, நீங்கள் எப்பவாவது இப்பிடிச் சடாரெண்டு மிதிச்சனீங்களோ?"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவன் எப்பிடி மிதிப்பான்? மண்ணெண்ணெயில ஓடிப் பழகினவனெல்லே! நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராற் பண்ணிப்போட்டு, பிறகு பெருவிரலால தொட்டுத்தான் ஓடுறது. மிதிச்சா கறுப்புப் புகை தள்ளி நிண்டிடும். அந்த மணம் இப்பவும் மூக்குக்குள்ள கிடக்குது."

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் இருந்த நாட்களை மாமி சொன்னார். அப்பா காபரேற்றரின் தலையிலிருந்த கறுப்பு மூடியைத் திருகித் தூக்கினார். அதனோடு வந்த மெல்லிய தண்டு காய்ந்துபோயிருந்தது. அதற்குள் கொஞ்சம் ஒயில் இருக்க வேண்டுமாம். மிதிக்கும்போது காற்று முந்தி ஓடாமல் அந்த ஒயில்தான் ஒரு கணம் பிடித்துவைக்குமாம்.

"அப்ப எஞ்சினுக்கே ஒயில் இல்லை, இதுக்கு ஆர் விட்டது?" என்றார் அப்பா. "பிறகும் நான் மெல்லத்தான் ஓடினனான், தேவைப்படேல்லை."

முன்னால் போயிருந்த லாண்ட்மாஸ்ரர்காரர், நாங்கள் நின்றதைக் கண்டு தன் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"என்னக்கா, என்னை முந்தப்போறன் எண்டு வந்தனீங்கள்?"

"முந்தத்தான் தம்பி. கொஞ்சம் ஒயில் கிடக்கே?"

"கிடக்குது. கலியாணத்துக்குச் சோடிக்கிற மாதிரியான உங்கட பழைய காருக்கு இந்த ஒயில் ஒத்துக்கொள்ளுமோ?"

ஒயில் கொஞ்சம் தடிப்புத்தான், ஆனால் போதும் என்றார் அப்பா. சோடாப் போத்தல் மூடியால் இரண்டு மூடி விட்டார். அப்போது எட்டு மணி தாண்டியிருந்தது. மாமி பக்கத்துக் கதிரையில் ஏறி உட்கார்ந்தார்.

"நீயே ஓடு. நான் தொட்டா பழுது எண்டுவாய்."

அப்பா வழக்கம்போல நாற்பதில் போனார்.

"தம்பி, தவமணி அங்க ஜெற்றியில பாத்துக்கொண்டு நிப்பாள்."

"ஓடுறன்தானே."

"உருட்டுறாய். மிதி!"

பின்னால் இருந்து அப்பாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தயங்கியது. பிறகு முழுவதும் இறங்கியது. கார் இருமவில்லை. முன்னால் பாய்ந்தது! அப்பாவின் கைகள் இறுகின. முகத்தில் முதலில் பயம், பிறகு நான் முன்பு பார்த்திராத ஒரு சிரிப்பு. நாங்கள் போய்ச் சேரும்போது படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுந்தீவில் தவமணி அன்ரி மாமியைக் கட்டிப்பிடிக்கவில்லை. "இந்த வெயிலுக்க குடையில்லாம ஏன் வந்தனீ?" என்று ஏசிக்கொண்டே கையைப் பிடித்தார், மாலை வரை விடவில்லை. நானும் அப்பாவும் மூவாயிரம் ரூபாவுக்கு ஓட்டோ பிடித்துக் கல்வேலிகளையும் குதிரைகளையும் பார்க்கப் போய்விட்டதால், அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்களும் போவதென்றால் திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள், அது மாறும். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: மெல்ல மிதித்தால் நன்றாக ஓடி, அழுத்தினால் திணறுகிறதா? எல்லாவற்றையும் கழற்றுமுன் காபரேற்றரின் மூடியைத் திறந்து ஒயில் பாருங்கள். எல்லாக் காபரேற்றரும் இப்படி இல்லை. எங்களுடையதில் அதுதான் குறை. அதோடு, உங்கள் காரை ஒருமுறை வேறு யாரிடமாவது ஓடக் கொடுத்துப் பாருங்கள்.

திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. பாலத்தில் யாரும் இல்லை, அவசரமும் இல்லை, ஆனாலும் அப்பா ஒருமுறை அழுத்தி மிதித்தார். மாமி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு விறாந்தையில் அவருடைய பெட்டிகள் கட்டியபடி இருந்தன. கார் நின்ற பிறகும் அப்பாவும் மாமியும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா எஞ்சினை நிறுத்தினார். பிறகு விளக்குகளையும் அணைத்தார்.