கரும்பலகைக்கும் காதர்பேட்டைக்கும் நடுவே

இன்னொருவர் வகுப்பில் நின்று, இன்னொருவர் சாக்பீஸால் எழுதி, தப்பை மட்டும் சொந்தப் பெயரில் ஏற்றுக்கொள்ளும் உத்தியோகத்துக்குப் பயிற்சி ஆசிரியர் என்று பெயர். பி.எட். படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பாடத்திட்டம் எழுதிக் கை வலித்தவர்கள்தான்.

நான் பரமக்குடிப் பக்கத்துக் கிராமம். பயிற்சிக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடமே கிடைத்திருக்கும். அக்கா வீடு திருப்பூரில் இருக்கிறது என்று சொல்லி அந்த ஊரைக் கேட்டு வாங்கினேன். உண்மையான காரணம் ஊர் பார்க்கும் ஆசை. எங்கள் கிராமத்தில் பாதிப்பேர் பனியன் கம்பெனிகளில்தான் இருந்தார்கள். தீபாவளிக்கு வந்து அவர்கள் சொல்லும் கதைகளில் காதர்பேட்டை பனியன் சந்தை இருக்கும், தியேட்டர் இருக்கும், பக்கத்தில் கோவை இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை பாடம், மிச்ச நாளெல்லாம் ஊர் என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன்.

கேட்காத கேள்வி

எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு, கணக்கு. என் பயிற்சியை மேற்பார்க்கும் கைடு டீச்சர் சரஸ்வதி, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தலை நரைத்தவர். என்னை உள்ளே அனுப்பிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் பிளஸ் என்று எழுதினேன். முன் பெஞ்சில் பொன்மணி என்ற பெண் எழுந்து, "ஏனுங்க மிஸ்" என்றாள். முதல் நாளே இப்படி ஒரு கேள்வியா என்று சந்தோஷமாக இருந்தது. எண்கோடு வரைந்து விளக்கினேன். நின்றுகொண்டே இருந்தாள். "ஏனுங்க மிஸ்" என்றாள் மறுபடியும். வேறு உதாரணம் சொன்னேன். கால் மாற்றி நின்றுகொண்டு மூன்றாம் முறையும் அதையே சொன்னாள். எனக்குத் தெரிந்த காரணங்கள் தீர்ந்துவிட்டன. இதற்கு மேல் ஏன் என்று கேட்டால் காலேஜில்தான் சொல்லித்தருவார்கள் என்றேன். கொங்குப் பக்கம் ஒருவரைக் கூப்பிடுவதே அப்படித்தான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பொன்மணி கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "நான் ஒண்ணுமே கேக்கலீங்க மிஸ். தண்ணி குடிச்சுட்டு வரட்டுங்களான்னு கேக்கத்தானுங்க கூப்புட்டேன்."

இடைவேளை

அக்கா செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். ஞாயிறு ஒரு நாள்தான் அவளுக்கு வெளிச்சம். அந்த வாரம் இருவரும் பகல் காட்சிக்குப் போனோம். ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்பது பெரிய நிம்மதியாக இருந்தது. நானும் விசில் அடித்தேன்.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. முன் வரிசை முழுவதும் திரும்பி எழுந்து நின்று, "வ-ண-க்-கம் மிஸ்" என்று வகுப்பில் இழுப்பதைப் போலவே இழுத்தது. அத்தனையும் எட்டாம் வகுப்பு. தியேட்டரே எங்களைப் பார்த்தது. வீட்டுப்பாடம் முடித்தாச்சா என்று கேட்டேன். பாதிப்பேர் பப்ஸ் வாங்கக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சரஸ்வதி டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "படத்துக்குப் போ கண்ணு, வேண்டாங்கல. அங்க போயும் பாடம் எடுக்காத. அதுகளும் காசு குடுத்துத்தான் வந்திருக்குதுங்க."

கோவை பஸ்

வகுப்பில் கணக்கு நன்றாக வருகிற பெண் பூனம். பீகாரிலிருந்து வந்த குடும்பம். நாலைந்து நாளாக அவள் வரவில்லை. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பொன்மணி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுடன் வேலை பார்க்கும் பெண்களோடு கோவைக்குப் போவதாக இருந்தது. போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூனம் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தார். பூனம் இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி பப்லுவை வைத்துக்கொண்டு ரொட்டி சுட்டாள். தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஊருக்குத் திரும்பிவிட்டதாம்.

படிப்பு எவ்வளவு முக்கியம் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். தமிழும் கையில் இருந்த கொஞ்சம் இந்தியுமாகச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த அவள் அம்மா குறுக்கிடாமல் கேட்டார். எனக்குத் தட்டில் ரொட்டி வைத்தார். செல்போனில் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் எடுக்கவில்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த அம்மா கேட்டார்: "மேடம், நான் கம்பெனி போகணும். சின்னவன் யார் பாக்கறது? நீங்க பாக்கறதா?"

பார்வையாளர்

தட்டில் இருந்த ரொட்டியைத் தின்று முடித்தேன். நாளைக்குத் தம்பியையும் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள்தான் என் கல்லூரிப் பேராசிரியர் வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போட வருகிறார் என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கோவை பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

காலையில் பூனம் பப்லுவோடு வந்தாள். சரஸ்வதி டீச்சர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் பாய் விரித்தார். பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாதி வகுப்பில் பப்லு பாயை விட்டு நகர்ந்து அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் குனிந்து பார்த்தார். என் கையில் இருந்த சாக்பீஸ் ஒடிந்தது. ஒடிந்த துண்டால் எழுதினேன். திரும்பியபோது பையன் அவர் மடியில் இருந்தான், அவர் கண்ணாடி அவன் கையில் இருந்தது. பூனம் கரும்பலகைக்கு வந்து கணக்கைப் போட்டு முடித்தாள்.

வெளியே வந்ததும் திட்டு விழும் என்று நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாடம் பரவாயில்லம்மா. ஆனா கற்பித்தல் துணைக்கருவின்னு எதையும் காட்டலையே, இந்தப் பிள்ளையைத்தான் எழுதிக்கணுமா?"

பக்கத்துக் கட்டடம்

பள்ளிக்கூடத்தை ஒட்டியே அங்கன்வாடி இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். அங்கே சேர்க்க உள்ளூர் ரேஷன் கார்டு கேட்பார்கள் என்று நினைத்துப் பூனத்தின் அம்மா விசாரிக்கவே இல்லை. சரஸ்வதி டீச்சர் அன்று மத்தியானமே பப்லுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசினார். கார்டு எதுவும் கேட்காமல் மறுவாரமே சேர்த்துக்கொண்டார்கள். அழுகையை எதிர்பார்த்துக் கதவோரம் நின்றோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூனத்துக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். வகுப்புக்கு நடக்கும்போது சொன்னாள்: "இத்தன நாளு நாந்தானுங்க மிஸ் சோறு ஊட்டுனேன். முட்டையக் கண்டதும் என்னைய மறந்துட்டானுங்க."

காதர்பேட்டை

பயிற்சி முடிந்த மறுநாள் தனியாகக் காதர்பேட்டைக்குப் போனேன். குவித்து வைத்த பனியன்களுக்கு நடுவே ஒரு கடையில் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டை கேட்டேன். கழுத்து இறுக்கக்கூடாது, சாயம் போகக்கூடாது, வளருகிற பிள்ளை என்பதால் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும் என்றேன். கடைக்கார அம்மா எடுக்கத் திரும்பினார். புரிந்ததா என்று கேட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். அவர் சட்டையை உதறிக் காட்டியபடி சொன்னார்: "போன தடவையே புரிஞ்சுதுங்க டீச்சர்."

ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கணக்குப் பாடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் ஊர்தான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.