மாமா வண்டிக்குக் கிராஷ் கார்டு

மாமாவின் பெரிய மோட்டார் சைக்கிளில், இன்ஜினுக்கு முன்னால், விழுந்தால் காலைக் காக்கும் இரும்புக் கம்பியான கிராஷ் கார்டு மாட்டுவதற்கென்று கம்பெனியிலேயே விட்டிருந்த துளைகளைக் கறுப்பு ரப்பர் மூடியால் அடைத்து வைத்திருந்தார். மாமா என்பது என் அக்கா வீட்டுக்காரர். சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். 2005இல் அந்த வண்டியை வாங்கியதிலிருந்து ஒவ்வொரு மே மாத விடுமுறையிலும் கன்னியாகுமரி, குடகு என்று தனியாகக் கிளம்பிவிடுவார். கடலூரிலிருந்து நான் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் கார்டு போடச் சொல்லிச் சண்டை போடுவேன். வீண் கனம், வண்டியின் அழகே போய்விடும் என்பார். "விழறதுக்கா வண்டி வாங்கினேன், மச்சான்?"

ஐந்து வருடம் கழித்து விழுந்தார். அதுவும் ஓட்டும்போது அல்ல. புவனகிரி பாலத்தருகே பஸ்ஸுக்குப் பின்னால் நின்றிருந்தபோது, ஊன்றிய இடது கால் தாங்கவில்லை. அடுத்த மாதம் வீட்டு வாசலிலேயே சாய்ந்தார். பிறகு கைவிரல்களும் தளர்ந்தன. புதுச்சேரியில் பரிசோதித்த டாக்டர் அக்காவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், கடைசியில் மூச்சும் நிற்கும், மருந்து கிடையாது என்றார். மாமாவிடம் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மாமாவே ஆரம்பித்தார். "நீ சொன்னதுதான் சரி. கார்டு போட்டுடலாம். மே மாசம் கிளம்பணும்."

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அக்கா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூர் முதுநகரில் ஒரு கடையில் கார்டை வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன்.

மெக்கானிக் மாட்டி முடிக்கும்வரை மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் போனதும், தன்னைத் தூக்கி சீட்டில் உட்காரவைக்கச் சொன்னார். இடது கையைக் கிளட்ச் மேல் எடுத்து வைத்தேன். விரல்கள் பாதிதான் மடங்கின. நான் குனிந்து போல்ட்டுகளைப் பார்ப்பதுபோல நடித்தேன்.

"டாக்டர் ரூம்லேந்து வெளிய வரும்போதே உங்க அக்கா மூஞ்சியப் பாத்தேன் மச்சான்," என்றார், மெதுவாக. "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத."

அந்த மே மாதம் அவரால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. மறு வருடம் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அக்கா சொன்னதையேதான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள்: கடைசிவரை அவருக்கு எதுவும் தெரியாமலே பார்த்துக்கொண்டோம் என்று. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவாள். ஆமாம்க்கா என்பேன்.