படங்களுக்குப் பெயர் வைத்தது

இந்த மாதம் ஒன்றாம் தேதி மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அதற்கு முந்தைய நாலு வாரமும் சோறு சரியாக இறங்கவில்லை. சுகர் ஏறிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. என் ஆபீசில் போன் எடுக்கிற ஓர் அம்மாவின் வேலையை நானே என் கையால் பறித்துவிட்டேனோ என்ற பயம்தான் தொண்டையில் நின்றது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர் வண்டிகள் எனக்கு இருபத்தாறு ஓடுகின்றன. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. உப்பளத்தில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராக ஏறினேன், ஸ்டியரிங்கைப் பிடித்தேன், கடைசியில் வண்டியையே வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது கடைப் பலகைகளைப் பார்த்து. இங்கிலீஷ் எழுத்து இன்றைக்கும் எனக்குக் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரிதான். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. இங்கிலீஷ் படித்த எத்தனையோ பேர் என்னிடம் வண்டி கேட்டு நிற்கிறார்கள்.

அந்த அம்மா என்னிடம் பதினேழு வருடமாக இருக்கிறார். பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர். கப்பலில் இருந்து இறங்கிய கன்டெய்னர் பெட்டியைக் குடோனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஏஜென்ட் ஆட்கள் போன் பண்ணுவார்கள். எந்த வண்டி காலி, எது துறைமுகக் கேட்டில் வரிசையில் நிற்கிறது, எந்த டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுத் தூங்குகிறார் எல்லாம் அவருக்குத் தெரியும். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற ஒரு சாப்ட்வேர் அவருடைய கம்ப்யூட்டரில் உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி, அது வாசிக்க வாசிக்க, கீபோர்டிலேயே பட்டியலைத் திருத்திக்கொண்டிருப்பார். அது வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவருக்கு அதுவே மெதுவு.

போன வருடம் ஏஜென்ட்கள் எல்லாரும் சேர்ந்து, போனில் வண்டி கேட்கிற வேலை இனி வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே கேட்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள் என்றார்கள். பாளையங்கோட்டையில் இந்த வேலை செய்கிற ஒருவரைப் பிடித்தேன். நாற்பது வயதுக்காரர், நரைத்த தாடி. அவர் முதலில் கொண்டுவந்து காட்டியது முழுக்க எழுத்து.

"இதை யாருவே படிக்கது?" என்றேன். "எனக்கு இங்கிலீஷ் வராது. டிரைவர்ல பாதிப்பேரு பீகார், ஒடிசா. அவனுவளுக்குத் தமிழ் வராது. ஒரு எழுத்து இருக்கக் கூடாது. எல்லாம் படமா போடும்."

போட்டார். நல்லாவே போட்டார். ஒரு பக்கம் வண்டிப் படங்கள், மறுபக்கம் பெட்டிப் படங்கள். காலி வண்டி பச்சை, வரிசையில் நிற்பது மஞ்சள், பஞ்சர் ஆனது சிவப்பு. வண்டியை மவுசால் இழுத்துப் பெட்டி மேல் ஏற்றிவிட்டால், அந்தப் பெட்டிக்கு அந்த வண்டி என்று வேலை முடிந்தது. பார்த்த ஏஜென்ட்கள் எல்லாரும் அசந்து போனார்கள். இந்த யோசனை முழுக்க என்னுடையது என்று நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். உண்மையும் அதுதான்.

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அதே மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பழம் வைத்து, சூடம் காட்டி, முதல் வண்டியை ஏற்றுகிற மரியாதையை அந்த அம்மாவுக்குத்தான் கொடுத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். கீபோர்டைத் தட்டினார். மறுபடி தட்டினார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"பட்டன்" என்றது கம்ப்யூட்டர். "பட்டன். பட்டன். பட்டன்."

"அண்ணாச்சி, இதுல எது லாரி, எது பெட்டி?" என்றார்.

சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் படமாத்தான் இருக்குளா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"படத்துக்கு வாய் இல்லையே அண்ணாச்சி. உள்ள ஒரு பேரு எழுதி வச்சிருந்தா இது வாசிக்கும். பேரே இல்லாம வச்சா இது என்னத்தச் சொல்லும்? உங்களுக்கு எழுத்து வேண்டாம்னு எனக்கும் சேத்து அழிச்சிட்டியளா?"

பதினேழு வருடம் என் முன்னால் நாற்காலியில் இருந்தவரை நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. எழுத்துத் தெரியாதவனுக்கு வழி செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கண் தெரியாதவர் வழியை அடைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி போன் புக்கிங் நிற்கும் என்று ஏஜென்ட்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆபீசுக்கு வந்து சும்மா இருந்தால் போதும், சம்பளம் மாதம் தவறாமல் வரும் என்றேன். எப்பேர்ப்பட்ட மனசு நமக்கு என்றுதான் நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"சும்மா இருக்கதுக்கு நான் என்ன கோயில் சுரூபமா? கண்ணாடிக் கூண்டுல வச்சு மெழுகுவத்தி கொளுத்தப் போறியளோ?" என்றார். "ஒண்ணாந் தேதிக்குள்ள இதுல எனக்கு வண்டி ஏத்த வந்தா இருக்கேன். வரலைன்னா போறேன். இன்னொரு கம்பெனில டெலிபோனுக்கு ஆள் கேட்டிருக்காவ."

அவர் போய்விட்டால் எனக்கு ஆபீசே கிடையாது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பாளையங்கோட்டைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நீங்கதான அண்ணாச்சி ஒரு எழுத்து இருக்கக் கூடாதுன்னு சொன்னிய" என்றார் அவர்.

"நான் கிணத்துல விழச் சொன்னா விழுந்திருவீரோ? வாரும்வே."

ஒரு வாரத்தில் வந்தார். அந்த அம்மாவுக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்திருந்தார். படமே இல்லை, வெறும் பட்டியல். நன்றாகத்தான் வாசித்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மூன்று நாள் நிஜ வண்டிகளை வைத்தே ஒத்திகை பார்த்தோம். இரண்டாம் நாளே கேட்டில் இருந்து டிரைவர் ஒருவர் போனில் கத்தினார். ஒரே பெட்டிக்கு இரண்டு வண்டி போய் நிற்கிறது, இரண்டு டிரைவர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரித்தால், படத்திரையில் ஒருவர் வண்டி ஏற்றியது பட்டியல் பக்கத்துக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்கிறது.

"எனக்குப் பழைய சோத்தப் போட்டிருக்காவ" என்றார் அந்த அம்மா. "தனிப் பந்தி வேண்டாம் சார். எல்லாரும் பாக்குற அதே ஸ்கிரீன்ல எனக்கும் இலை போடுங்க."

"படத்தை இழுத்து விடுறது கண்ணு தெரிஞ்சவங்களுக்குத்தானம்மா வரும்" என்றார் பாளையங்கோட்டைக்காரர்.

அந்த அம்மா உடனே எழுந்து, தடவிப் பார்த்து, மானிட்டரை அணைத்தார். "இப்ப நீங்க ஒரு வண்டிய ஏத்துங்க பாப்போம்."

அந்த மனுஷருக்கு வியர்த்துவிட்டது. மவுசைப் பிடித்து அங்கேயும் இங்கேயும் ஆட்டினார். நான் அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்கிற சந்தில் நாற்பதடி டிரெய்லரைப் பின்பக்கமாக எடுத்தவன் நான். இது என்ன பெரிய காரியம் என்று இழுத்தேன். மானிட்டரைப் போட்டுப் பார்த்தால் மூன்று வண்டிகள் ஒரே பெட்டியின் மேல் ஏறி நின்றன. அந்த அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தக் காணோம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மூணு எடத்துல முட்டியாச்சுன்னு அர்த்தம்" என்றார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் பாளையங்கோட்டைக்காரருக்கு விஷயம் உள்ளே இறங்கியது என்று நினைக்கிறேன். தாடியைச் சொறிந்துகொண்டு, ஒரு நோட்டை எடுத்து அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அவர் நோட்டு எடுத்ததெல்லாம் என் பக்கத்தில் உட்காரத்தான்.

அதன்பிறகு நடந்த வேலையை நான் கிட்டே இருந்து பார்த்தேன். திரையில் படம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பெயர் வைத்தார். இழுத்து விடுவதற்குப் பதில் கீபோர்டிலேயே வண்டியைத் தேர்ந்து, பெட்டியைத் தேர்ந்து, ஒரு தட்டு தட்டினால் போதும் என்று ஆக்கினார். பச்சை சிவப்பாக மாறினால் அதை வாய்விட்டுச் சொல்லவும் வைத்தார். அங்கேதான் இன்னொரு கூத்து. இருபத்தாறு வண்டியில் எது நகர்ந்தாலும் கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. அரை நாளில் அந்த அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டார்.

"மீன் ஏலத்துக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்கு. நான் ஒரு வண்டிய ஏத்திக்கிட்டு இருக்கையில ஒம்பது வண்டி வந்து குறுக்க பேசுது. பஞ்சர்னா மட்டும் உடனே சொல்லட்டும். மத்ததெல்லாம் நான் முடிக்கிற வரைக்கும் பொறுக்கட்டும்."

பாளையங்கோட்டைக்காரர் அப்படியே மாற்றினார். சின்ன வேலை மாதிரித் தெரியும். எனக்கு அது பெரிதாகப்பட்டது. யார் எப்போது பேச வேண்டும் என்று ஆபீசில் நானே இவ்வளவு தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை.

பெயர்கள் விஷயத்தில் நான் புகுந்தேன். அவர் எழுதி வைத்திருந்தது எல்லாம் கவர்மென்ட் கடுதாசி மாதிரி இருந்தது. மஞ்சள் வண்டிக்கு 'வாகனம் காத்திருப்பு நிலையில் உள்ளது' என்று ஒரு பெயர்.

"ஏளா, இதை நீ என்னன்னு சொல்லுவ?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"கேட்டுல நிக்கி."

"அதைத்தான் எழுதும்வே. கேட்டுல நிக்கி. பச்சைக்குக் காலி. சிவப்புக்குப் பஞ்சர். டிரைவர் படுத்திருந்தா, தூங்குதான்."

ஒரு மத்தியானம் பூராவும் நான் சொல்லச் சொல்லப் பாளையங்கோட்டைக்காரர் எழுதினார், கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டியது. சுருக்கமான பெயர் என்றால் அந்த அம்மா தலையை ஆட்டுவார். நீளமாகப் போனால், "ரெண்டு சொல்லுக்குள்ள முடிங்க அண்ணாச்சி, கப்பல் போயிரும்" என்பார். ஒரு எழுத்துகூட வேண்டாம் என்று சண்டை பிடித்தவன் நாற்பது படத்துக்குப் பெயர் வைத்தேன். எல்லாப் பெயரும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, ஒன்றைக்கூட மாற்றவில்லை. இங்கிலீஷ் படித்த எவரும் இவ்வளவு நறுக்கென்று வைத்திருக்க மாட்டார்.

இவ்வளவு செய்தும் ஒன்றாம் தேதி காலையில் நான் நாலு மணிக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன். ஒத்திகையில் ஓடுவது வேறு, கப்பல் வந்து நிற்கும்போது ஓடுவது வேறு. அன்றைக்கு விடியும்போதே இரண்டு கப்பல் கரையில் நின்றன. போன் மணி அடிக்கவே இல்லை. அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மா ஹெட்போனை மாட்டினார், சிலுவை போட்டுக்கொண்டார், கீபோர்டைத் தொட்டார்.

நான் பின்னால் போய் நின்றேன். திரையில் ஒரு வண்டி தானாக நகர்ந்து பெட்டி மேல் உட்கார்ந்தது. அடுத்தது. அடுத்தது. மவுசால் இழுக்கிற எங்கள் மேனேஜர் ஒரு வண்டியை ஏற்றுவதற்குள் இவர் இரண்டு ஏற்றினார்.

"அண்ணாச்சி, அங்கன போய் இருங்க. நீங்க மூச்சு விடுறது ஹெட்போனையும் தாண்டிக் கேக்கு."

போய் உட்கார்ந்தேன். பத்தரை மணி இருக்கும், பைபாஸ் ரவுண்டானாவில் ஒரு வண்டி டயர் வெடித்து நின்றது. அதில் இருந்த பெட்டி மதியத்துக்குள் கப்பலில் ஏற வேண்டியது. டிரைவர் தன் செல்லில் பஞ்சர் படத்தை ஒரு தட்டு தட்டினார், இங்கே திரையில் அந்த வண்டி சிவப்பாயிற்று. மேனேஜர் அதைக் கவனிக்கவே இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன், வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அந்த அம்மாவின் விரல் ஓடிவிட்டது. பக்கத்துக் குடோனில் காலியாக நின்ற வண்டியைப் பிடித்து ரவுண்டானாவுக்குத் திருப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கி மாற்றக் கிரேனுக்கும் சொல்லிவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டி கேட்டைத் தாண்டியது என்று திரை சொன்னது. அவருக்கு அது காதில் சொன்னது, எனக்குக் கண்ணில் சொன்னது. நாலு வாரமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் இறங்கியது. பாளையங்கோட்டைக்காரருக்குப் போன் போட்டு, "பொழச்சீருவே" என்றேன். அவருக்கும் மூச்சு வந்ததை இந்தப் பக்கம் கேட்டேன்.

அந்த அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் எங்க ஊர்க் கோயில் திருவிழா. மூணு நாள் லீவு வேணும். இப்பமே சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வைக்கக் கூடாது."

அடுத்த மாசம் என்றார். இன்னொரு கம்பெனி பேச்சையே எடுக்கவில்லை. லீவு கேட்டால் எரிந்து விழுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர் உண்டு. "நாலு நாளா எடுத்துக்கோளா" என்றேன்.

"மூணு போதும். நாலாம் நாளும் நான் வரலைன்னா நீங்க மவுசத் தொட்டிருவீய" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் வீட்டுக்குக் கிளம்பினேன், பசித்தது.