சுத்தக் காற்றுக்கு முதல் ஆள்

கார்ப் பட்டறைத் தெருவில் அவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயிண்ட் அடித்த கதவில் முகம் பார்த்து மீசை சீவலாம் என்பது பட்டறை முதலாளியின் பெருமை. வண்டிக்காரர்கள் நிஜமாகவே சீவியும் இருக்கிறார்கள். ஆள் என்னவோ சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவர். ஆனால் இடிபட்டு வந்த காரில் எங்கே அடி விழுந்தது என்று சொந்தக்காரரே தேட வேண்டும், அப்படிக் கைவேலை. அந்தக் கைக்குத் தன் குடும்பத்தில் விழுந்த விரிசலை மட்டும் அடைக்க வரவில்லை.

பட்டறைக்குப் பின்னாலேயே முதலாளி கொடுத்த இரண்டு அறை வீடு. நடுவில் ஒரு தகரக் கதவு. கல்யாணமான புதிதில் கண்ணாடி அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தார். வேலை முடிந்தால் நாலு எட்டில் வீடு! பெண் குழந்தை பிறந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கதவு வழியாக அவர் மட்டும் வீட்டுக்கு வரவில்லை என்று. பெயிண்டில் கலக்கிற தின்னர் நெடி கதவு தட்டிக்கொண்டா வரும்? குழந்தைக்கு மூச்சு இழுத்தது. நல்ல காற்று இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மனைவி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு குழந்தையோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, காலில் விழுந்தாவது கூட்டி வந்திருப்பார். காற்றுக்காகப் போனவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மச்சான் வீட்டுக்குப் போவார். தன்மேல் அடிக்கிற நெடி மகளுக்கு ஆகாதென்று மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொள்வார். மகள் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி பள்ளிக்கூடக் கதை சொல்லுவாள். பிறகு அது கல்லூரிக் கதையாயிற்று, பிறகு ஆபீஸ் கதை. திரும்பி வந்து தனக்கு மட்டும் சமைத்து, தனக்கு மட்டும் தட்டு வைத்து, ரேடியோவைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார். அது அவரை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகமும் பட்டறை முதலாளிகள் சங்கமும் அதுவரை எலியும் பூனையுமாக இருந்தவர்கள். தெருமுனையில் அதிகாரியின் ஜீப் திரும்பினால் போதும், தெருவில் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸர் எல்லாம் வாயடைத்துப் போகும். ஜீப் போனதும் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. ஓடியும் துரத்தியும் இரண்டு தரப்புக்கும் அலுத்துப் போய், ஒருநாள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அபராதத்தைக் கொஞ்ச காலம் ஒத்திவைக்கிறோம் என்றது அலுவலகம். எல்லோருமாகச் சேர்ந்து பெயிண்ட் அடிக்க மூடிய பூத் கட்டுகிறோம், புகை வடிகட்டி வழியாகத்தான் வெளியே போகும் என்றது சங்கம். தண்ணீரில் கரைகிற பெயிண்டையும், குறைவாகச் சிதறுகிற ஸ்ப்ரே கன்னையும் கொடுத்துப் பழக்குவதற்கு ஒரு பெயிண்ட் கம்பெனி முன்வந்தது.

பெயிண்டர்கள் முகத்தைச் சுளித்தார்கள். தண்ணீர் பெயிண்ட் காய்வதற்குள் கார்க்காரருக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று ஒருவர் கிண்டல் செய்தார். கண்ணாடி மட்டும் எழுந்து, முதல் ஆளாக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கிழவருக்கு என்ன வந்தது என்று தெரு சிரித்தது. என்ன வந்தது என்று அவருக்குத் தெரியும். காற்று சரியானால் மனைவியும் மகளும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

பழகிய கையை மாற்றுவது லேசுப்பட்ட காரியமா? முதல் கதவில் பெயிண்ட் கண்ணீர் மாதிரி வழிந்தது. முகம் பார்க்கிற மாதிரி கதவு அடித்தவர் பம்பரை நாலைந்து தடவை தேய்த்துவிட்டுத் திரும்ப அடித்தார். மேற்பார்வைக்கு வந்த அம்மா, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் இளம் அதிகாரி, இவர் படுகிற பாட்டைப் பார்த்துப் பூத்துக்குள் வந்து பக்கத்திலேயே நின்றார். கடைசியில் காற்றை அளக்கிற கருவியைப் பார்த்துவிட்டு, இங்கே கைக்குழந்தையைக்கூடத் தூங்க வைக்கலாம் என்று சந்தோஷத்தில் சொன்னார். பாவம், அந்த அம்மா பேச்சுக்குச் சொன்னது. கண்ணாடி அதை அப்படியே மனைவிக்குப் போனில் ஒப்பித்தார்.

அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை மேல வந்து சாப்பிடுங்க. பொண்ணுக்கு உங்ககிட்ட மூச்சு ஒத்துக்குதான்னு பாப்போம். ஒத்துக்கிட்டா வரோம்" என்றாள்.

பெயிண்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கை சுத்தம் என்றால் அவர்களுக்குத் தின்னர்தான், சோப்பெல்லாம் முகத்துக்கு. புதுப் பெயிண்ட் தண்ணீரிலேயே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஸ்ப்ரே கன்னை அவர் தண்ணீரில்தான் கழுவினார். ஆனால் மகள் இருக்கிற வீட்டுக்குள் முதல்முறையாகப் போகிறபோது நகக்கண்ணில் பழைய கறை இருக்கலாமா? மூலையில் கிடந்த தின்னர் டின்னைத் திறந்து, துணியை நனைத்து, விரல் விரலாகத் துடைத்தார். பஸ் கம்பியைப் பிடித்தால் மறுபடி அழுக்காகுமே என்று அந்தத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மச்சான் வீட்டுப் படியேறும் முன் நின்று இன்னொரு தடவை துடைத்தார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். கீழேயிருந்து பார்த்தே பழகியவருக்கு, அவள் தன் தோளுக்குத்தான் வருகிறாள் என்பது ஆச்சரியமாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பிடித்த கையை உடனே விட்டாள். இருமல் வந்தது, பிறகு மூச்சு விசில் அடித்தது. மனைவி ஓடிவந்து இன்ஹேலரைக் கொடுத்து ஜன்னல்களைத் திறந்தாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கையில என்னங்க அது?" என்று கேட்டாள் மனைவி.

நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லி, சாட்சிக்குத் துணியை எடுத்துக் காட்டினார். எடுத்தபிறகுதான் புத்திக்கு உறைத்தது. மனைவி அதைப் பிடுங்கி வெளியே வீசினாள்.

மகளுக்கு மூச்சு ஒருவழியாக அடங்கியது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே, "இவ்ளோ நெடி அடிக்குது, உங்களுக்குத் தெரியவே இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கு மூக்கு செத்துப் போச்சும்மா. ரொம்ப வருஷமாச்சு. அடுப்புல கருகினாக்கூடத் தெரியாது."

மனைவி திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்கே புதிது.

"அப்படின்னா, கிளம்பும்போது கூட இருக்கிறவங்க யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

அவர் யோசித்துப் பார்த்தார்.

"அங்க யாரும்மா இருக்கா, சொல்றதுக்கு?"