இருபத்து மூன்றாம் எண்

புளித்த பாலில் பழைய சாக்கை ஊறவைத்தது போன்ற அந்த நாற்றம், காலை பத்து மணிக்கு மேல், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரம் இருந்த எங்கள் பள்ளியின் சன்னல்களுக்குள் வரும். ரப்பர் ஆலை தன் தடித்த குழாயைத் திறந்துவிடும் நேரம் அது. கிள்ளான் ஆறு அரை மணி நேரம் வெள்ளையாக ஓடும். நாங்கள் சன்னலைச் சாத்திவிட்டு, ஆறுகளைக் காப்போம் என்ற பாடத்தை உரக்கப் படிப்போம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தூய்மை இயக்கம் வந்தது. ஆற்றை அசுத்தப்படுத்துவோரைக் கணக்கெடுக்க, ஏதோ ஓர் அலுவலகம் பள்ளிக்குப் படிவங்களை அனுப்பியிருந்தது: வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், கழிவு போகும் இடம். ஆற்றோரப் பலகை வீடுகளுக்கு எண்ணே கிடையாது என்பதால், சுண்ணக்கட்டியால் நாங்களே கதவுகளில் எழுதலாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். பதினொரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் அரசு அதிகாரம் அது.

என்னோடு வந்த "கூட்டாளி" லெட்சுமியின் வீடும் அங்கேதான். பன்னிரண்டாவது கதவில் அவள் அம்மா, "நல்லா பெருசா எழுதுமா, தபால்காரன் கண்ணுல படணும்" என்றார். எண் இருந்தால் வீட்டுக்குப் "பைப்பு" கேட்டு மனுப் போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதுவரை தெருமுனையிலிருந்து தண்ணீர் சுமந்தே அவர் தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கழிவு எங்கே போகிறது என்று கேட்டேன்.

"ஆத்துக்குத்தான். வேற எங்க, மந்திரி வீட்டுக்கா?"

அவர் உண்மையைச் சொன்னார்; நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வீடுகள் முடிந்ததும், வரிசையின் கடைசியில் ஆற்றுக்குள் நீட்டியிருந்த ஆலைக் குழாயின் மேல் ஏறி, லெட்சுமி 23 என்று எழுதினாள்.

"இது வீடு இல்லடி. இதுக்கு நம்பர் கிடையாது லா."

"எங்களுக்கு மட்டும் காலையில இருந்திச்சா?"

அதையும் என் படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

என் கையெழுத்து அழகு என்பதால், நல்ல பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அரசாங்கக் குமாஸ்தாவான அப்பா அன்று மாலை அதை யாழ்ப்பாணத்து நிதானத்தோடு பார்த்தார். "குடும்பத் தலைவர் எண்டு கேட்டிருக்கு. குழாய்க்கு ஆர் தலைவர், பிள்ளை? கேட்டதுக்கு மட்டும் எழுது. கேளாததை எழுதினா, பிறகு உன்னைத்தான் கேப்பினம்." கடைசி வரியை விட்டுவிட்டேன். எங்கள் வகுப்புக்கு முதல் பரிசு கிடைத்தது: மூடி வைத்த பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி.

மழைக்காலம் முடியுமுன் அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது என் பட்டியல். என் எழுத்து எனக்குத் தெரியாதா? ஒன்று முதல் இருபத்திரண்டு வரை, வரிசை பிசகாமல், கதவுகளில் தாள் ஒட்டினார்கள். மலாய் வாசிக்கத் தெரியாத லெட்சுமியின் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "பைப்புக்குத்தானே, கண்ணு?" என்றார்.

ஆற்றை அசுத்தப்படுத்தும் குடியிருப்பு, பதினான்கு நாளில் காலி செய்ய வேண்டும் என்று வாசித்துக் காட்டினேன். அவர் ஒட்டியிருந்த தாளைத் தடவிப் பார்த்தார். லெட்சுமிதான் கேட்டாள்: "இருபத்து மூணு எங்கடி?"

படிவத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.

லெட்சுமி வீட்டார் டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு லோரியில் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரமே ஆறு சுத்தமாகிவிட்டதென்று பள்ளியில் கைதட்டினோம், சன்னல்களைச் சாத்திக்கொண்டு.

பிறகு நானும் அரசுப் பணியில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் படிவங்கள் தயாரித்து, கெட்ட பெயர் இல்லாமல் ஓய்வு பெற்றேன். எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் பதவி உயர்வு தாமதிப்பதில்லை.

இப்போது அங்கே நடைபாதை போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு கதவுகளும் இல்லை, ஆலையும் இல்லை. குழாய் மட்டும் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு, இப்போது எங்கிருந்தோ வரும் எதையோ ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. போன மாதம் பள்ளிப் பிள்ளைகள் படிவங்களோடு வந்திருந்தார்கள். ஒரு சிறுமி என்னிடம், "ஆன்டி, அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்றாள்.

"உன் ஃபார்ம்ல கேட்டிருக்காம்மா?"

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல ஆன்டி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.