எலுமிச்சை, சாவி, கப்பல்

மதுரையில் ஒரு கிளினிக்கின் நடைபாதை. சுவரோரம் இரும்பு நாற்காலிகள். எல்லோரும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு எண் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூணு வார்த்தை என்னென்ன?"

"எலுமிச்சை, சாவி, கப்பல்."

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்திரண்டு. அறுபத்தஞ்சு. போதுமா டீச்சரு?"

போதாது என்றேன். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, நாம் இருப்பது எத்தனையாவது மாடி என்று ஒரு சுற்றுக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். உள்ளே போனோம். டாக்டர் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். முப்பதுக்கு இருபத்தெட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் மறக்க ஆரம்பித்திருக்கலாம். நீங்களும் இப்படி ஒரு நடைபாதையில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆறுதல் சொல்வதற்காக அல்ல. அந்த டாக்டர் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை. என் மேல் இருக்கும் கோபமும் ஆறவில்லை.

நான் மேலூரில் இருபத்திரண்டு வருடமாக டியூஷன் எடுப்பவள். அதனால் கட்டிய கணவருக்கும் நான் டீச்சர்தான். அவர் பெயர் சந்திரன், வயது ஐம்பத்தெட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு ஸ்டென்ட் (அடைபட்ட இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறிய கம்பி வலை) வைத்தார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

பங்குனியில் ஒருநாள், பாதி இறக்கியிருந்த கடை ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டார். காயம் இல்லை, புடைப்பு மட்டும். தலை வலிக்கிறது என்றதால் மறுநாளே ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பூஜை அறையில் வைத்து விபூதி பூசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

மூன்று வாரம் கழித்து மறதி வந்தது. கடைக்கு வந்த வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு எதற்குக் கழற்றினோம் என்று யோசித்தபடி நின்றார். டீ குடித்த அரை மணி நேரத்தில் டீ கேட்டார். உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் ஸ்கேன் காகிதத்தைப் பார்த்தார். பிறகு நினைவாற்றல் சோதனை ஒன்று வைத்தார். மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வேறு கேள்விகள் கேட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த மூன்றையும் திருப்பிக் கேட்பது அதில் ஒரு பகுதி. என் கணவருக்கு ஒன்றுகூட வரவில்லை. முப்பதுக்குப் பதினெட்டு.

"ஸ்கேன் நல்லா இருக்கும்மா. இது டிப்ரஷன். ஸ்டென்ட் வச்ச பயத்தை உள்ள அமுக்கி வச்சிருக்காரு. மாத்திரை தாரேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து இதே டெஸ்ட்டை எடுப்போம்" என்றார். டிப்ரஷன் என்றால் மனச்சோர்வு. அதற்கும் மறதி வரும் என்பது உண்மைதான். ஆனால் தலையில் அடிபட்டதும், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் அவர் கைப்பட எழுதிய அதே சீட்டில் இருந்தன.

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். பதினெட்டு. என் டியூஷனில் படிக்கிற பிள்ளை பதினெட்டு வாங்கினால் நான் சும்மா விட மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு புது நோட்டை எடுத்து, டாக்டர் கேட்ட கேள்விகளையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதினேன். பக்கத்திலேயே பதிலையும் எழுதினேன். மறுநாள் காலையிலிருந்து பாடம் ஆரம்பமானது.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்ல வைத்தேன். பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொல்வார்கள் என்று கட்டம் போட்ட தாளில் வரையப் பழக்கினேன். அவர் பொறுமையான மனிதர். கடலையே சரியாகப் பார்க்காதவர், கப்பல் கப்பல் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் ராகத்தை நிறுத்திவிட்டு, "டீச்சரு, எடது கை மரத்த மாதிரி இருக்குடி" என்றார்.

"அதைப் பெறகு பாப்போம். நூறுல ஏழு போனா எம்புட்டு?" என்றேன்.

இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

மார்க் ஏறியது. இருபத்து மூன்று, இருபத்தாறு, இருபத்தெட்டு. டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்தீங்களாம்மா, மாத்திரை எப்பிடி வேலை செய்யுதுன்னு!" நான் பாடம் நடத்தியதற்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டது. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அந்த ஆறு வாரத்தில் அவருடைய இடது கால் செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்று பின்னால் கிடக்கும். அவர் அது தெரியாமல் போய்க்கொண்டே இருப்பார். நான் எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிடுவேன். இடது கையிலிருந்த டம்ளர் இரண்டு முறை நழுவியது. இதெல்லாம் என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் நோட்டில் ஏறவில்லை. பரீட்சையில் செருப்பைப் பற்றிக் கேள்வி இல்லையே.

வைகாசியில் மகள் கயல் விடுமுறைக்கு வந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் உளவியல் முதல் வருடம், ஹாஸ்டல் வாசம். அடுத்த பருவத்தில் செய்முறைப் பாடம் இருக்கிறதாம். வீட்டில் யாரிடமாவது சோதனை வைத்துப் பழகி வரச் சொல்லியிருந்தார்கள். "அப்பா, சும்மா ஒரு விளையாட்டு" என்று டியூஷன் அறையில் அவரை உட்கார வைத்தாள். அவர் முகத்தில் நன்றாகப் படித்த பிள்ளையின் தெம்பு. எனக்கும் பெருமைதான்.

"செருப்பு, மழை, ஊசி. ஞாபகம் வச்சுக்கங்கப்பா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றாள். ஏதேதோ பேசிவிட்டு, "அந்த மூணு வார்த்தையச் சொல்லுங்க" என்றாள்.

"எலுமிச்சை, சாவி, கப்பல்" என்றார் கணீரென்று.

கயல் சிரித்தாள். "அது இல்லப்பா. நான் இப்பச் சொன்னது."

அவர் என்னைப் பார்த்தார். பரீட்சை அறையில் பதில் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும் அதே பார்வை. என் உதடு தானாக அசைந்தது. "செரு..."

"அம்மா, வாயை மூடு!"

பெற்ற மகள் என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவள் முகம் சிவந்தது.

"ஒருக்காக் கேட்ட வார்த்தைய மறுபடி கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லிக் குடுத்தாங்கம்மா. ஆளு தேறிட்டாரா, பழகிட்டாரான்னு பிரிச்சுப் பாக்க முடியாதுல்ல. அந்தாளு மாத்திரையும் குடுத்துருக்காரு, நீயும் சொல்லிக் குடுத்துருக்க. எதனால மார்க் ஏறுச்சுன்னு எப்பிடிச் சொல்றது? நீ அளக்குற கோலையே வளைச்சு வச்சுருக்க."

"நேத்துப் பொறந்தவ, எனக்குப் பாடம் நடத்துறியா?" என்று நானும் கத்தினேன். அவள் சொன்னது சரி என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. கத்தியதே அதனால்தான்.

அவள் அவர் பக்கம் திரும்பி, "அப்பா, வாசல் வரைக்கும் நடங்க" என்றாள். நடந்தார். பாதி வழியில் இடது செருப்பு கழன்று கிடந்தது. இது எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னேன். டம்ளரையும் சொன்னேன். மரத்த கையையும் சொன்னேன். அவள் டியூஷன் போர்டில் மூளையை வட்டமாக வரைந்து நடுவில் கோடு போட்டாள். வலது பாதி மூளைதான் உடம்பின் இடது பக்கத்தை நடத்துகிறது. "மனசு சரியில்லாததுக்கு ஒத்தச் செருப்பு மட்டும் ஏம்மா கழலுது? கிளம்பு."

அன்று மதியமே மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் இரண்டு கேள்விதான் கேட்டார். தலையில் அடிபட்டதா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இடது கை மெல்லக் கீழே இறங்கியது. புது ஸ்கேனில் மூளையின் வலது பக்கத்தை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு நிழல்.

குரோனிக் சப்டியூரல் ஹீமடோமா (மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே வாரக்கணக்கில் மெல்லச் சேரும் இரத்தத் தேக்கம்). வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குமாம். அதனால் மூளைக்கும் உறைக்கும் நடுவே உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விறைப்பாக நிற்கும். சின்ன இடியில் ஒன்று அறுந்தாலும் போதும், சொட்டுச் சொட்டாகக் கசியும். முதல் ஸ்கேன் பொய் சொல்லவில்லை. அது அடிபட்ட மறுநாளே எடுத்தது. கசிந்தது அதற்கப்புறம். பழைய காகிதத்தைப் பார்த்துப் புது நோயை இல்லை என்று சொன்னதுதான் தப்பு.

பர் ஹோல் (மண்டையோட்டில் போடும் சிறு துளை) இரண்டு போட்டு இரத்தத்தை வெளியேற்றினார்கள். "பழைய இன்ஜின் ஆயில் மாதிரி இருந்துச்சு. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா ஆளு கெடைச்சிருக்க மாட்டாரு" என்றார் அறுவை சிகிச்சை செய்தவர். மூன்றாம் நாள் என் கணவர் இடது கையால் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீடு திரும்பியதும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு பழைய டாக்டரிடம் தனியாகப் போனேன். டோக்கன் வாங்கித்தான் உள்ளே போனேன். நடந்ததைச் சொல்லி, நோட்டை மேசையில் வைத்தேன்.

"நாலு தடவையும் ஒரே மூணு வார்த்தை சார். ஒரு வார்த்தை மாத்திக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

அவர் நோட்டைப் புரட்டினார். "நீங்க ஏம்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார்.

"நான் பொண்டாட்டி சார். எம் புருசன் தோக்குறதப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன், சொல்லித்தான் குடுப்பேன். நான் அப்பிடிச் செய்வேன்னு தெரிஞ்சு கேள்விய மாத்த வேண்டியது நீங்கதான்."

அவர் அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார். நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவரிடம் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் அந்த மரத்த கையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அது என்னிடம் மட்டும்தான் சொல்லப்பட்டது.

என் கணவர் தேறினார். கடைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அந்த இரண்டு மாதம் அவருக்கு இல்லை. "இந்த வருசம் அழகர் ஆத்துல எறங்கியாச்சா?" என்று கேட்டார். சித்திரையில் அவரைக் கையோடு பிடித்துக் கூட்டத்தில் நிறுத்தி நான்தான் அழகரைக் காட்டினேன். பக்தர்கள் பீய்ச்சிய தண்ணீரில் சட்டை நனைந்து சிரித்தார். அந்த நாள் இப்போது என் ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது.

மிஞ்சியது ஒன்றுதான். ஒருநாள் நான் அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார். என் விரல், துளை போட்ட வலது பக்கத்துக் குழியில் இறங்கி நின்றிருந்தது.

"ஏ டீச்சரு, எலுமிச்சை, சாவி, கப்பல்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குடி. எங்கன கேட்டேன் அதை?"

ஹிப்போகாம்பஸ் (புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதி) தடுமாறினாலும், திரும்பத் திரும்பச் சொன்னது வேறு வழியில் பழக்கமாகப் படிந்துவிடும் என்று கயல் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"எம்புட்டு மார்க் வாங்குனேன்?"

"இருபத்தெட்டு. முப்பதுக்கு."

"எட்டாப்புலகூட அம்புட்டு வாங்குனதில்ல." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இடது கையை விரித்து மூடிப் பார்த்தார். "இந்தக் கை அப்பவே போயிருக்கும்ல. நான் ஒன்கிட்டச் சொல்லவே இல்லையா?"

இல்லை என்று சொன்னால் முடிந்துபோகும். அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

"சொன்னீங்க" என்றேன்.

அவர் எண்ணெய்த் தலையோடு எழுந்து கடைக்குப் போய்விட்டார். அன்று சாப்பிட வந்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "டீச்சரு, டீ போடு" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. மருத்துவர் தாளை எடுத்து, "மூணு வார்த்தை சொல்வேன்" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் அழகரைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்து வைகைப் பாலத்தைக் கடந்த நேரத்தைவிட நீளமாக இருந்தது. கதவு மூடியிருந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அவர் வெளியே வந்தார். இரண்டு செருப்பும் காலில் இருந்தன.

"ரெண்டு சொல்லிட்டேன். மூணாவது வரலை" என்றார்.

என்ன வார்த்தைகள் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"பரவாயில்லங்க" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு மார்க்கைப் பார்த்து நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.